பிரேக்குக்குப் பக்கத்து நாற்காலி

புருஷன் டெல்பர்ட் செத்துப்போன பிறகுதான் நோரீனுக்கு இடது காது கேட்க ஆரம்பித்தது. அதற்கு முன்னால் ஐந்து வருஷத்துக்கும் மேலாக அந்தக் காது பேருக்குத்தான் தலையில் ஒட்டிக்கொண்டிருந்தது. யாராவது இடது பக்கம் வந்து பேசினால் முழு உடம்பையும் திருப்பித்தான் பதில் சொல்வாள். மளிகைக் கடை வரிசையில் பின்னால் நிற்கிறவர்கள் கொஞ்சம் நகரச் சொல்லிப் பார்த்துவிட்டு, திமிர் பிடித்தவள் என்று முணுமுணுப்பார்கள். அந்த முணுமுணுப்பும் கேட்காது என்பது ஒரு சௌகரியம்.

ஜனவரியில், வாசல் பனியைத் தள்ளிக்கொண்டிருந்த டெல்பர்ட் மாரடைத்து விழுந்தான். அடக்கம் முடிந்து, சொந்தபந்தமெல்லாம் தாங்கள் சாப்பாடு கொண்டுவந்த பாத்திரங்களைத் திரும்ப எடுத்துக்கொண்டு கிளம்பிய மறுநாள், நோரீன் காப்பிக் கோப்பையைக் கழுவிக்கொண்டிருந்தாள். இடது பக்கம் 'டிக்' என்றது. அதையடுத்து ஒரு 'த்தூ'. சூரியகாந்தி விதையைப் பல்லில் உடைத்துத் தோலைத் துப்புகிற சத்தம். சிகரெட்டை விட்ட நாளிலிருந்து டெல்பர்ட்டின் வாய் அதைத்தான் அரைத்துக்கொண்டிருந்தது. காரில், சர்ச் வாசலில், மாடுகள் ஏலம் போகிற இடத்தில், எங்கே பார்த்தாலும் அவன் காலடியில் தோல் குவிந்து கிடக்கும். நோரீன் திரும்பிப் பார்த்தாள். குளிர்பதனப் பெட்டியும் சுவரும்தான் இருந்தன.

அன்றிலிருந்து அது விடவில்லை. துணி மடித்தால் 'டிக்', காரை எடுத்தால் 'த்தூ'. எப்போதும் இடது பக்கம்தான்.

காஸ்பர் நகரத்தில் இருக்கிற காது வைத்தியசாலைக்குப் போனாள். கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, காதில் கருவியை மாட்டி, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னாள் அங்கிருந்த பெண். வலது காது ஒழுங்காகப் பாஸ் ஆனது. இடது காதுக்கு மாற்றியதும் நோரீன் உடனே அழுத்தினாள். மறுபடியும் அழுத்தினாள். அந்தப் பெண் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தாள்.

"நான் இன்னும் சத்தமே அனுப்பலீங்களே. உங்களுக்கு என்ன கேட்டுச்சு?"

"விதை உடைக்கிற சத்தம்."

அவள் மரியாதையாகச் சிரித்தாள். செத்த காது தானாகச் சத்தம் பண்ணிக்கொள்ளும், மூளை இல்லாததை நிரப்பிக்கொள்ளும், நிறையப் பேருக்கு அப்படி உண்டு, தூங்கும்போது மின்விசிறியைப் போட்டுக்கொண்டால் தெரியாது என்றாள். மூளை நிரப்பிக்கொள்வதென்றால் ஏதாவது பாட்டால் நிரப்பிக்கொள்ளக் கூடாதா, எச்சில் துப்புகிற சத்தம்தானா கிடைத்தது என்று நோரீன் வழியெல்லாம் கறுவிக்கொண்டே வந்தாள். அவளுக்குப் பயமில்லை. கோபம்தான் இருந்தது. கொன்றவனே அந்தக் காதுக்குள் வந்து குடியிருந்தால் யாருக்குத்தான் கோபம் வராது?

அந்தக் காதைக் கொன்றது டெல்பர்ட்தான். அதைச் சொல்ல வேண்டுமென்றால் எங்கள் டிரை ஃபோர்க் ஊரின் துப்பாக்கிச் சுடுதளத்தின் அக்டோபர்ப் போட்டியைச் சொல்ல வேண்டும்.

மான் வேட்டைக்குக் கிளம்புவதற்கு முன்னால் ஒரு சனிக்கிழமை அந்தப் போட்டி நடக்கும். குறி பார்த்துச் சுடுகிற போட்டி இல்லை. குட்டைக் குழல் துப்பாக்கியின் முனையில் எதைத் திருகினால் நல்லது என்று ஒப்பிட்டுப் பார்க்கிற போட்டி. குழலைக் குட்டையாக்கினால் லாரிக்குள்ளும் புதருக்குள்ளும் திருப்ப வசதிதான், ஆனால் வெடிமருந்து முழுக்க எரிவதற்குள் குண்டு வெளியே போய்விடும். மிச்ச மருந்து முனையில்தான் எரியும். அதனால் நெருப்பும் சத்தமும் பேய்த்தனமாக இருக்கும். அதை என்ன செய்வது என்பதில்தான் ஊர் மூன்று கட்சியாகப் பிரிந்திருந்தது. முதலாவது பிரேக். பக்கவாட்டில் ஓட்டைகள் உள்ள இரும்பு. புகையையும் வெடியையும் இரண்டு பக்கமும் பிரித்து அடிக்கும். சுடுகிறவன் தோளில் உதையே இருக்காது, துப்பாக்கி அசையாமல் நிற்கும். ஆனால் பக்கத்தில் இருக்கிறவன் தொலைந்தான். இரண்டாவது, நாங்கள் முள்கரண்டி என்று சொல்வது. தீயை மறைக்கும், வேறெதற்கும் பொறுப்பேற்காது, ஒவ்வொரு வெடிக்கும் அதன் கம்பிகள் 'ணிங்' என்று பாடும். மூன்றாவது டம்ளர். பார்க்க டம்ளர் மாதிரியே இருக்கும். வெடியை அப்படியே முன்னால் தள்ளிவிடும். உதை குறையாது, கனமும் கூட, ஆனால் பக்கத்தில் இருக்கிறவன் மனுஷனாக வீட்டுக்குப் போகலாம். சத்தத்தையே விழுங்கிவிடுகிற நீளக் குழாய்களுக்கு இந்தப் போட்டியில் இடமில்லை. அதையெல்லாம் சேர்த்தால் ஒப்பிட என்ன இருக்கிறது?

இதில் ஒரு வழக்கம் உண்டு. மார்க் போடுவது சுடுகிறவன் இல்லை. அவனுக்கு வலது பக்கம் ஒரு மடக்கு நாற்காலி போட்டு ஒருவரை உட்கார வைப்பார்கள். அவர்தான் நீதிபதி. சுட்டு முடிந்ததும் தளத்துப் பொறுப்பாளர் லீலண்ட், "நாற்காலி?" என்று கத்துவார். உட்கார்ந்திருக்கிறவர் ஒன்றிலிருந்து பத்துக்குள் விரல் காட்ட வேண்டும். பத்து என்றால் கைக்குழந்தை தூங்கும். ஒன்று என்றால் பல் கழன்றுவிடும். சுடுகிறவன் தன் வசதியை மட்டும் பார்க்கக் கூடாதென்று எந்தக் காலத்திலோ யாரோ யோசித்து வைத்த வழக்கம். நல்ல வழக்கம்தான்.

டெல்பர்ட் பிரேக் கட்சி. பிடிவாதமென்றால் அப்படி ஒரு பிடிவாதம். அவன் பக்கத்தில் உட்கார ஊரில் ஒருவரும் வர மாட்டார்கள், அதனால் வருஷா வருஷம் நோரீன்தான் உட்காருவாள். வெடிக்கிற ஒவ்வொரு தடவையும் நெஞ்சுக்கூடு அதிரும், மூக்குக்குள் மருந்து வாசம் ஏறும், சூடான காலித் தோட்டா தெறித்து வந்து சட்டைக் காலருக்குள் விழும். அவள் இரண்டு விரல் காட்டுவாள். "நியாயமா பாத்தா நாலு வரும், நீ மிகைப்படுத்துற" என்பான் அவன். "ஒரு வருஷம் நீ உக்காந்து பாரு" என்பாள் இவள். "அடுத்த வருஷம் கண்டிப்பா உக்கார்றேன்" என்பான். அந்த அடுத்த வருஷம் வரவே வரவில்லை.

ஆறு வருஷத்துக்கு முந்தைய போட்டியில், வெடி ஓய்ந்ததும் லீலண்ட் "நாற்காலி?" என்றார். சரியாகக் காதில் விழவில்லையென்று நோரீன் இடது பக்கத்துக் காதுமூடியைக் கொஞ்சம் தூக்கினாள். டெல்பர்ட் எண்ணிக்கையில் தவறவிட்ட ஒரு தோட்டா துப்பாக்கிக்குள் பாக்கி இருந்தது. அதையும் முடித்துவிடலாமென்று அவன் விசையை அழுத்தினான்.

அவ்வளவுதான். அந்தக் காதில் 'ஙொய்' என்ற சத்தம் மட்டும் மிஞ்சியது. டாக்டரிடம் போனார்கள், வந்தார்கள். திரும்பி வருகிற வழியில் டெல்பர்ட் கேட்டது இது: "நீ ஏன் அதைத் தூக்குன?" மன்னிப்பு என்ற வார்த்தை அவன் வாயிலிருந்து வரவே இல்லை. நல்ல மனுஷன்தான். அவளுக்கு ஜுரம் வந்தால் கண் விழிப்பான், கார் டயரில் காற்றை அவனே பார்ப்பான். ஆனால் அந்த ஒரு விஷயத்தில் மட்டும் வாயைத் திறக்கவில்லை. அதன் பிறகும் அவன் பிரேக்கை மாற்றவில்லை. அவளும் போய் உட்காருவதை நிறுத்தவில்லை. ஏன் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

இந்த வருஷம் நோரீன் ஒரு முடிவோடு இருந்தாள். ஆகஸ்டில் டெல்பர்ட்டின் துப்பாக்கி அவள் பெயருக்கு மாறி அரசாங்கக் கடிதம் வந்துவிட்டது. டெல்பர்ட்டின் தம்பி ராய்ஸ் அதைத் தனக்குக் கொடுக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தான். போட்டி முடியட்டும், அப்புறம் எழுதிக் கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டாள். அதற்கு முன்னால் தானே சுட வேண்டும், பிரேக்கை வைத்தே சுட வேண்டும். டெல்பர்ட் தன் இடது பக்கத்தில் உட்கார்ந்து விதை தின்றது போதும். எழுந்து சுற்றி வந்து அந்த நாற்காலியில் உட்காரட்டும். வருஷா வருஷம் சொன்ன வாக்கை ஒரே ஒரு தடவை காப்பாற்றட்டும். அது என்னவென்று அவனுக்கும் தெரியட்டும். அவள் கேட்டது அது ஒன்றுதான்.

சனிக்கிழமை காற்று பலமாக அடித்தது. கொட்டகையில் பீன்ஸும் இறைச்சியும் போட்ட சில்லிக் குழம்பும் இலவங்கப்பட்டை ரோலும் தயாராகிக்கொண்டிருந்தன. அவள் முறை வந்தபோது கடைசி மேசையில் போய் உட்கார்ந்தாள். பிரேக் ஆட்களை எப்போதும் கடைசி மேசைக்குத்தான் தள்ளுவார்கள். வலது பக்கம் மடக்கு நாற்காலி காலியாக இருந்தது.

"யாரு உக்கார்றா?" என்று லீலண்ட் சுற்றிப் பார்த்தார். எல்லோரும் ராய்ஸைப் பார்த்தார்கள். அவன் இரண்டு கையையும் தூக்கினான்.

"என்னை விட்டுடு அண்ணி. எனக்கு இருக்கிறதே ரெண்டு காது. அண்ணன் மேல பாசம் உண்டு, இல்லேங்கல, அதுக்காக?"

சிரிப்பு எழுந்தது. நோரீன் சிரிக்கவில்லை.

"ஆளில்லாத நாற்காலிக்கு மார்க் கிடையாதும்மா" என்றார் லீலண்ட்.

"மார்க் வேணாம். நாற்காலி மட்டும் அங்கேயே இருக்கட்டும்."

லீலண்ட் அவளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு நாற்காலியின் காலை நேராக்கி வைத்துவிட்டு நகர்ந்தார்.

அவள் டெல்பர்ட்டின் காதுமூடியை மாட்டிக்கொண்டாள். பேட்டரி போட்டது. மெல்லிய சத்தத்தையெல்லாம் பெரிதாக்கிக் கொடுக்கும், வெடி வந்தால் மட்டும் சட்டென்று அடைத்துக்கொள்ளும். குமிழைத் திருப்பியதும் வலது காதில் உலகம் பெரிதாகக் கேட்டது. கொட்டகையில் கரண்டி உரசுவது, கொடிக்கயிறு கம்பத்தில் அடிப்பது, யாரோ மூக்கை உறிஞ்சுவது. இடது காதில் வழக்கம்போல 'டிக்', 'த்தூ'.

"தளம் சூடு!" என்று லீலண்ட் கத்தினார்; இனிச் சுடலாமென்று அர்த்தம்.

அவள் விசையில் விரலை வைக்கவில்லை. காத்திருந்தாள். "சுத்திக்கிட்டு வா டெல்பர்ட்" என்று உதட்டுக்குள் சொன்னாள். இடது பக்கம் விதைச் சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் எதுவுமே இல்லை. அப்புறம், வலது பக்கம், மடக்கு நாற்காலியின் கான்வாஸ் கனம் தாங்கி முனகியது. காற்றுதான் என்று நினைத்துக்கொள்ளலாம். ஆனால் அதற்கு அடுத்தபடியாக 'டிக்' என்றது. நல்ல காதில், நாற்காலி இருக்கிற பக்கத்திலிருந்து.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அவன் போய்விடுவான் என்று தோன்றியது. குறி பார்த்தாள், சுட்டாள்.

துப்பாக்கி கல் மாதிரி நின்றது. தோளில் ஒன்றுமே தெரியவில்லை. இத்தனை வருஷத்தில் முதன்முறையாக இந்தப் பக்கம் உட்காருகிறாள், இங்கே எவ்வளவு சுகமாக இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. அட பாவி, அதனால்தான் நாலு என்றாயா? கோபம் தலைக்கேற, தொடர்ந்து சுட்டாள். மேசை மேலிருந்த தூசி பக்கவாட்டில் பறந்தது. காலித் தோட்டாக்கள் நாற்காலியில் பட்டுத் தெறித்தன. முழுவதையும் அவன் மேல் கொட்டிவிட வேண்டுமென்றுதான் வந்திருந்தாள்.

இடையில் ஒரு வெடி அடங்கியபோது காதுமூடி மறுபடி திறந்துகொண்டது. விதைச் சத்தம் இல்லை. யாரோ பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சை உள்ளே இழுக்கிறார்கள். டெல்பர்ட் பனியில் விழுந்த அன்று அவள் ஓடிவந்து தலையைத் தூக்கியபோது கேட்ட அதே மூச்சு. நோரீனின் விரல் விசையிலிருந்து தானாக வெளியே வந்தது.

வெடி ஓய்ந்ததைப் பார்த்து, இத்தனை வருஷத்துப் பழக்கத்தில், லீலண்ட் கத்தினார்: "நாற்காலி?"

கத்திய பிறகுதான் அவருக்கே உறைத்தது. தொப்பியைக் கழற்றினார்.  எல்லோரும் அந்தக் காலி நாற்காலியைப் பார்த்தார்கள்.

"ஒண்ணு" என்றது குரல்.

அவளுக்கு மட்டும்தான் கேட்டது. வலது காதில், ஒரு முழம் தள்ளி, தொண்டையைச் செருமிக்கொண்டு பேசுகிற டெல்பர்ட்டின் குரல். கொஞ்சம் இடைவெளி விட்டு மறுபடியும் வந்தது.

"இவ்வளவா வலிச்சுது உனக்கு?"

இந்த ஒரு கேள்விக்காக ஆறு வருஷம் காத்திருந்தாள். கேட்டதும் கோபம் இருந்த இடம் தெரியவில்லை. அழுகைதான் வந்தது. பாவம், அவன் நிஜமாகவே தெரியாமல்தான் இருந்திருக்கிறான்.

"ஆமா டெல்பர்ட். இரு, இரு, மாத்திப் போடறேன்" என்றாள்.

கடைசி வார்த்தைகள் மட்டும் காதில் விழுந்து, தன்னிடம்தான் சொல்கிறாள் என்று நினைத்த லீலண்ட், தளம் ஆறிவிட்டதென்று அறிவித்துவிட்டு, மெதுவாக மாற்றச் சொன்னார். பிரேக் பழுக்கச் சூடாக இருந்தது. கையுறை போட்டு, ஸ்பேனரால் திருப்பிக் கழற்றி, பையிலிருந்த டம்ளரைத் திருகினாள். அவள் பல வருஷம் முன்பு டெல்பர்ட்டின் பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்தது, ஒரு தடவைகூட அவன் மாட்டாதது. அவசரத்தில் மரையில் ஏற நேரமெடுத்தது. அவனுக்கு இனிமேல் வலிக்கக் கூடாது என்பது மட்டும்தான் அப்போது அவள் மனதில் இருந்தது.

தளம் மறுபடி சூடானது. சுட்டாள். தோளில் உதைத்தது. வெடி முன்னால் மலைப்பக்கம் ஓடிப்போனது. மேசைத் தூசி அசையவில்லை.

"இப்ப எத்தனை?" என்று கேட்டாள்.

பதில் வரவில்லை. திரும்பிப் பார்த்தாள். நாற்காலியில் காலித் தோட்டாக்கள் கிடந்தன. கீழே சூரியகாந்தித் தோல் இருந்தது. ஆனால் அது எல்லா மேசைக்குக் கீழும்தான் இருந்தது.

சாப்பாட்டு நேரம் முழுக்க அவள் காதுமூடியைக் கழற்றவில்லை. குமிழைக் கடைசிவரை திருப்பி வைத்திருந்தாள். காகிதத் தட்டு மடங்குவது கேட்டது, ராய்ஸின் தொண்டையில் சில்லி இறங்குவது கேட்டது. விதை உடையவில்லை. இடது காதில் அந்த 'ஙொய்' கூட இல்லை. ஆறு வருஷமாக ஒரு நிமிஷம் விடாமல் இருந்த சத்தம். அது அவனோடு சேர்ந்தே போய்விட்டிருந்தது. விற்பனை மேசையில் ஒரு பொட்டலம் விதை வாங்கி, இடது பக்கப் பல்லில் வைத்து உடைத்துப் பார்த்தாள். எலும்பு வழியாக அதிர்ந்ததே தவிர, அந்தப் பக்கம் யாரும் இல்லை. மார்க் கிடைத்துவிட்டது, கேள்வி கேட்டுவிட்டான், கணக்கு முடிந்ததென்று கிளம்பிவிட்டான். இப்போதுதான் அவளுக்கு டெல்பர்ட் செத்துப்போனது தெரிந்தது. ஜனவரியில் தெரியவில்லை.

எல்லோரும் சாமான்களை வண்டியில் ஏற்ற ஆரம்பித்தபோது ராய்ஸ் தயங்கியபடி வந்தான்.

"அண்ணி, துப்பாக்கி விஷயம்..."

"பிரேக்கை மாட்டு" என்றாள் நோரீன்.

"என்னது?"

"டம்ளரைக் கழட்டிட்டு பிரேக்கை மாட்டு ராய்ஸ். நீ சுடு. நான் உக்கார்றேன்."

ராய்ஸ் லீலண்டைப் பார்த்தான். லீலண்ட் தோளைக் குலுக்கினார். சுடுகிறவன் இருக்கிறான், துப்பாக்கிக்குச் சொந்தக்காரி இருக்கிறாள், நாற்காலிக்கும் ஆள் இருக்கிறது. விதிப்படி எல்லாம் சரிதான். காலையில் மார்க் இல்லாமல் போனதில் அவளுக்கு வருத்தம் போல என்று நினைத்திருப்பார்.

நோரீன் நாற்காலியிலிருந்த காலித் தோட்டாக்களைத் தட்டிவிட்டு உட்கார்ந்தாள். கம்பளித் தொப்பியைக் காதுமூடிக்கு மேல் இழுத்து விட்டுக்கொண்டாள். அதற்குள் கையை விட்டு, வெளியே தெரியாமல், இடது பக்கத்து மூடியை மட்டும் காதுக்குப் பின்னால் தள்ளினாள். காற்று அந்தக் காதில் பட்டது. பட்டது தெரிந்ததே தவிர, கேட்கவில்லை.

"தளம் சூடு!"

ராய்ஸ் சுட்டான். நெஞ்சுக்கூடு அதிர்ந்தது, மருந்து வாசம் மூக்கில் ஏறியது, காலித் தோட்டா ஒன்று காலருக்குள் விழுந்து சுட்டது. அவள் இடது பக்கம் தலையைச் சாய்த்து, அந்தக் காதில் ஒரு 'டிக்' திரும்பி வருமா என்று காத்திருந்தாள்.

"நாற்காலி?" என்றார் லீலண்ட்.

அவள் கை மடியிலேயே இருந்தது. ஒரு விரலும் எழவில்லை.

"இன்னொண்ணு சுடு ராய்ஸ்" என்றாள்.